சட்டியில் இருந்தால்தான் அகப்பையில்: காஸ்மியரின் இறையாற்றல் எப்படி வேலை செய்கிறது?

மந்திரம் வருகிற கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வந்து நிற்கும். மந்திரவாதி கையை உயர்த்துகிறார், நெருப்பு வருகிறது. சரி, அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது? போன அத்தியாயத்தில் அவர் சாகக் கிடந்தபோது ஏன் வரவில்லை? பிராண்டன் சாண்டர்சனின் காஸ்மியர் நாவல்கள் என்னை இழுத்துப் பிடித்ததற்குக் காரணம், அங்கே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எப்போதும் உண்டு. சில சமயம் அது கைக்கு வர ஆயிரம் பக்கம் பிடிக்கும். ஆனாலும் வந்துவிடும்.

காஸ்மியர் என்பது அவருடைய பல நாவல்கள் சேர்ந்து வாழும் ஒரே பிரபஞ்சம். 2005-ல் வந்த 'எலாண்ட்ரிஸ்', 2006-ல் தொடங்கிய 'மிஸ்ட்பார்ன்', 2009-ல் வந்த 'வார்பிரேக்கர்', 2010-ல் தொடங்கிய 'ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' எல்லாம் இதில் அடக்கம். ஒவ்வொன்றும் வேறொரு கோளில் நடக்கிறது. ஓரிடத்தில் உலோகத் துகளை விழுங்கி வானில் பாய்கிறார்கள். ஓரிடத்தில் தங்கள் மூச்சைக் கொடுத்துக் கயிற்றுக்கு உயிர் தருகிறார்கள். இன்னோரிடத்தில் புயல் விட்டுப்போன ஒளியை உறிஞ்சிச் சுவரில் நடக்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தெரியும். ஆனால் அத்தனையும் ஒரே ஆற்றல்தான். அதன் பெயர் இன்வெஸ்டிச்சர்.

ஒருவருக்குப் பதவியையும் அதனோடு சேர்ந்த அதிகாரத்தையும் முறைப்படி வழங்கும் சடங்குக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல் உண்டு. கடவுள் தன்னில் ஒரு பங்கை ஓர் உலகத்துக்கோ மனிதருக்கோ வழங்கும்போது அங்கே தங்கும் சக்தி என்று இதை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் நான் இறையாற்றல் என்றே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை விளக்க, கதைகளின் சில ரகசியங்களைத் தொட்டே ஆகவேண்டும். அதிலும் மிஸ்ட்பார்னின் முதல் மூன்று புத்தகங்களை இன்னும் படிக்காதவர்கள், ஆட்டி, லெராஸ் என்ற பெயர்கள் வரும் பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள். அந்தக் கதை தானாக அவிழும்போது கிடைக்கும் அனுபவத்தை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

ஆதியில் அடோனால்சியம் என்ற ஒன்று இருந்தது. அது கடவுளா, கடவுளின் சக்தியா என்பது காஸ்மியருக்குள்ளேயே முழுதாக அவிழாத முடிச்சு. யோலன் என்ற உலகில் பதினாறு பேர் கூடி அதை உடைத்தார்கள். உடைந்தது பதினாறு துண்டுகளாயிற்று. அவற்றுக்கு ஷார்டு என்று பெயர். நம் மொழியில் சில்லு என்றால் சரியாக இருக்கும். உடைத்தவர்கள் ஆளுக்கொரு சில்லை ஏந்திக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் தனியாகவும் சிலர் ஜோடி சேர்ந்தும் வெவ்வேறு கோள்களில் போய்த் தங்கினார்கள். அந்தக் கோள்களின் மக்கள் கடவுள் என்று கும்பிடுவது பெரும்பாலும் இவர்களில் யாராவது ஒருவரையோ, இவர்களின் நிழலையோதான்.

இங்கே கவனிக்கவேண்டியது, உடைந்தது சக்தி மட்டுமல்ல, குணமும்தான். முழுமையில் ஒன்றாகக் கலந்திருந்த குணங்கள் தனித்தனியே பிரிந்துவிட்டன. ஒரு சில்லின் பெயர் ரூயின், அதாவது அழிவு. ஒன்று பிரிசர்வேஷன், காத்து நிலைநிறுத்துதல். ஹானர் என்றால் சொன்ன சொல் காப்பது. எண்டௌமென்ட் என்றால் கொடை. ஓடியம் என்பது வெறுப்பு. ஒரு கோளில் மந்திரம் எந்த விதிகளின்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அங்கே தங்கியிருக்கும் சில்லின் குணத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். விதி என்பது அந்தக் கடவுளின் சுபாவம். எனக்குக் காஸ்மியரில் மிகவும் பிடித்தது இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

முதலில் ஓர் அடிப்படைக் கணக்கு. பொருளும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறும், மொத்தத்தில் கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்று பள்ளியில் படித்திருப்போம். காஸ்மியரில் இந்தக் கணக்கில் மூன்றாவதாக ஒரு வரவு உண்டு, அதுதான் இறையாற்றல். அது ஆற்றலாக மாறலாம், பொருளாகவும் மாறலாம். சும்மா இருந்து எதுவும் முளைக்காது, எதுவும் இல்லாமலும் போகாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆகவே யாராவது ஓர் அற்புதம் செய்தால் நாம் சட்டியைத் தேடலாம், எங்கேயோ இருக்கும்.

தண்ணீர் பனிக்கட்டியாகவும் நீராகவும் ஆவியாகவும் இருப்பதுபோல, இறையாற்றலும் மூன்று நிலைகளில் தென்படும். கெட்டியானால் அது உலோகம், ஒவ்வொரு சில்லுக்கும் தனக்கே உரிய ஓர் உலோகம் உண்டு. திரவமானால் ஒளிரும் குளம். காற்றில் கலந்தால் மூடுபனி. மிஸ்ட்பார்ன் உலகத்தில் இரவானால் வந்து சூழும் அந்தப் பனியை முதல் புத்தகத்தில் வெறும் பின்னணி வர்ணனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மிஸ்ட்பார்ன் நடக்கும் ஸ்கேட்ரியல் கோளுக்கே போகலாம், ஏனென்றால் புதிதாக வருபவர்களுக்கு இதுதான் நல்ல வாசல். அங்கே பிறப்பிலேயே திறன் வாய்த்த சிலர் உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் 'எரிக்கிறார்கள்'. இந்தக் கலைக்கு அல்லோமன்சி என்று பெயர். இரும்பை எரித்தால் சுற்றியுள்ள உலோகங்களைத் தன்னை நோக்கி இழுக்கலாம். எஃகை எரித்தால் தள்ளலாம். தகரம் கண், காது, மூக்கைக் கூர்மையாக்கும். பியூட்டர் என்ற கலவை உடம்புக்கு வலு தரும். துத்தநாகம் அடுத்தவர் உணர்ச்சியைக் கிளறிவிடும், பித்தளை தணிக்கும்.

எஃகைத் தள்ளுவதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், அதில் விஷயம் இருக்கிறது. ஒரு காசைக் கீழே போட்டுத் தள்ளினால், காசு தரையில் முட்டி நிற்கும். அதற்கு மேல் போக இடமில்லாததால் தள்ளியவர் மேலே எகிறுவார். அதே காசை எதிரியை நோக்கித் தள்ளினால், எடை குறைந்த காசு அம்புபோலப் பறக்கும். தன்னைவிடக் கனமான இரும்புக் கதவைத் தள்ளினால் பின்னால் போய் விழுவது இவர்தான். இயற்பியல் வகுப்பில் கேட்ட அதே வினையும் எதிர்வினையும். சக்தி மேலிருந்து வந்தாலும், உலகத்துக்குள் இறங்கிய பிறகு அது உலகத்தின் கணக்குக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

அப்படியானால் இந்தச் சக்தி உலோகத்தில் இருக்கிறதா? புதிதாகப் படிக்கும் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். இல்லை. உலோகம் வெறும் சாவி. எந்த உலோகம் என்பது எந்தப் பூட்டு திறக்கும் என்பதை முடிவு செய்கிறது. கதவு திறந்ததும் வந்து நிரம்புவது பிரிசர்வேஷன் என்ற சில்லின் சக்தி. விழுங்கிய துகள் துளிதான். அதற்குக் கிடைப்பதோ ஒரு மனிதரைக் கூரைக்கு மேல் தூக்கும் விசை. மிச்சத்தைக் கடவுள் போடுகிறார். காத்து வளர்ப்பது அவர் சுபாவம், அதனால் அவருடைய கலையில் மனிதருக்கு லாபம்.

அதே கோளில் இன்னும் இரண்டு கலைகள் உண்டு. ஃபெரூகெமி என்பது சேமிப்பு. இன்று பாதி பலத்தோடு நடமாடி, விட்ட பாதியை உலோகத்தில் போட்டு வைத்தால், வேண்டிய நாளில் எடுத்துக்கொள்ளலாம். ஆரோக்கியத்தைத் தங்கத்தில் சேமிப்பவர் சேமிக்கும் நாளெல்லாம் காய்ச்சல்காரர்போல முடங்கிக் கிடப்பார். போட்டதுதான் கிடைக்கும், வட்டி கிடையாது. மூன்றாவது ஹீமலர்ஜி. ஒருவர் உடம்பில் உலோக ஆணியை அறைந்து அவருடைய சக்தியைப் பறித்து, அதே ஆணியை இன்னொருவர் உடம்பில் அறைவது. பறித்தது முழுதாகப் போய்ச் சேராது, வழியில் கொஞ்சம் வீணாகும். ஓர் உயிரையும் கொடுத்து நஷ்டத்தையும் வாங்கிக்கொள்ளும் வியாபாரம். இந்தக் கலை ரூயினுடையது என்று தெரிந்ததும் ஏன் இப்படி என்ற கேள்விக்கு இடமே இல்லை. லாபம் காத்தலுடையது, நஷ்டம் அழிவுடையது. நடுவிலிருக்கும் சேமிப்பில் இருவரும் சமமாக நிற்கிறார்கள்.

வார்பிரேக்கர் நடக்கும் நால்திஸ் கோளில் குடியிருப்பது எண்டௌமென்ட், கொடையின் சில்லு. அதனால் அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறக்கும்போதே கொஞ்சம் இறையாற்றல் கிடைத்துவிடுகிறது. ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லை, ஆளுக்கு ஒன்று. அதை மூச்சு என்கிறார்கள். நாம் இழுத்துவிடும் மூச்சு வேறு, இது வேறு. இதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பவர் தானாக, தன் வாயால் சொல்லிக் கொடுத்தால் மட்டுமே கைமாறும். பிடுங்க முடியாது. கொடையின் கடவுள் வேறெப்படி விதி வகுப்பார்?

பிடுங்க முடியாதுதான், ஆனால் விலைக்கு வாங்க முடியும். இந்த இடத்தில் அந்த நாவல் என்னை உலுக்கியது. வீட்டில் அரிசி இல்லாதவர் தன் ஒரே மூச்சை விற்கிறார். விற்றவர் செத்துப்போவதில்லை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு மங்கல் படிந்துவிடும், நோய் எளிதில் பற்றும், மனம் சோர்ந்து கிடக்கும். வாங்கிச் சேர்த்தவருக்கோ படிப்படியாகப் புதிய திறன்கள் வரும். ஐம்பது மூச்சு சேர்ந்தால் அடுத்தவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இருநூறில் சுருதி பிசகாத காது வாய்க்கும். அறுநூறில் நிறங்களின் நுட்பமான வித்தியாசமெல்லாம் துல்லியமாகத் தெரியும். இரண்டாயிரத்தில் முதுமையே அண்டாது. ஒருவருடைய நரையில்லாத வாழ்வுக்குப் பின்னால் இரண்டாயிரம் பேர் மங்கிப்போயிருக்கிறார்கள். எல்லோரும் சம்மதித்துக் கொடுத்தவர்கள்தான். அந்தச் சம்மதத்துக்கு என்ன அர்த்தம் என்று நாவல் பிரசங்கம் செய்வதில்லை, மந்திரத்தின் கணக்கை மட்டும் நேர்மையாகக் காட்டுகிறது. நமக்கு அது போதும்.

மூச்சை ஒரு பொருளுக்குள் செலுத்திக் கட்டளையிட்டால் அது அசையும். கயிறு தானாகக் கட்டும், துணி ஆளைப் பிடிக்கும். அதற்கு எரிபொருளாக அருகிலுள்ள ஏதாவது ஒன்றின் நிறம் வெளுத்துச் சாம்பலாகும். வேலை முடிந்ததும் மூச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அது செலவழிவதில்லை. போன நிறம் மட்டும் திரும்பாது.

ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ் நடக்கும் ரோஷாரில் சட்டி வானத்தில் இருக்கிறது. அங்கே சில நாட்களுக்கு ஒருமுறை கிழக்கிலிருந்து ஒரு பெரும்புயல் கோளையே கடந்து போகும். அது கடக்கும்போது வெளியே வைத்த ரத்தினக் கற்களில் ஒளி நிரம்பும், அதுதான் ஸ்டார்ம்லைட். கண்ணாடிக்குள் வைத்த இந்தக் கற்களே அந்த ஊரில் பணம். கூலியும் அதில்தான், விளக்கும் அதுதான். அதை உள்ளிழுத்தால் காயம் ஆறும், இழுப்பவரின் வகையைப் பொறுத்து ஈர்ப்புவிசையின் திசையைக்கூட மாற்றலாம். ஆனால் இந்த ஒளி தங்காது. கல்லிலிருந்து நாள்பட மெதுவாகவும், மனித உடம்பிலிருந்து மளமளவென்றும் கசிந்துவிடும். ஆகவே ஸ்டார்ம்லைட் கதையில் எந்தச் சண்டையிலும் உங்கள் பாதி மனம் கையிருப்பை எண்ணிக்கொண்டேயிருக்கும். அடுத்த புயல் எப்போது என்பதுகூட அங்கே போர்த் தந்திரம்.

ரோஷாரில் ஹானரின் கை இருக்கிறது, சொன்ன சொல் காக்கும் சில்லு. அதனால் அங்கே ரத்தினமும் ஒளியும் இருந்தால் மட்டும் போதாது. ஸ்பிரென் எனப்படும் உயிருள்ள ஆற்றல் வடிவம் ஒன்றோடு பிணைப்பு வேண்டும், படிப்படியாக உறுதிமொழிகள் எடுக்கவேண்டும். ஒவ்வொரு உறுதிமொழிக்கும் சக்தி ஒரு படி ஏறும். வாயால் ஒப்பித்தால் ஏறாது, மனம் அதற்குப் பக்குவப்பட்டிருக்கவேண்டும். சொல்லை மீறினால் சக்தி போவதோடு நிற்காது, நம்பி வந்த அந்த ஸ்பிரெனும் செத்ததற்குச் சமமாகிவிடும்.

இங்கே மனம் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு இன்னொரு அடித்தளம் உண்டு. காஸ்மியரில் எல்லாப் பொருளும் மூன்று தளங்களில் ஒரே சமயத்தில் இருக்கிறது. ஒன்று நாம் தொட்டுப் பார்க்கும் பருத்தளம். இரண்டாவது எண்ணத் தளம், ஷேட்ஸ்மர் என்றும் சொல்வார்கள். ஒரு பொருள் தன்னை என்னவாக நினைக்கிறது, மற்றவர்கள் அதை என்னவாக நினைக்கிறார்கள் என்பதுதான் அங்கே அதன் உருவம். மூன்றாவது ஆன்மத் தளம். அங்கே தூரமும் காலமும் நாம் அறிந்த பொருளில் கிடையாது. ஒருவர் எதனோடெல்லாம் பிணைந்திருக்கிறார் என்பது மட்டுமே இருக்கும். இறையாற்றலின் ஊற்று இந்த மூன்றாவது தளம். அங்கிருந்து பருத்தளத்துக்கு இறங்க அதற்கு ஒரு வழி வேண்டும். உலோகம், உறுதிமொழி, கட்டளை எல்லாம் அந்த வழிகள்.

எண்ணத் தளம் வெறும் தத்துவம் என்று விட்டுவிடக்கூடாது. ஸ்டார்ம்லைட்டின் நாயகர்களில் ஒருவன் கலாடின். அவன் நெற்றியில் அடிமை என்று சூட்டுக்கோல் வைத்த தழும்பு உண்டு. பெரிய வெட்டுக்காயமெல்லாம் நொடியில் ஆற்றும் ஒளி, அந்தத் தழும்பை மட்டும் நெடுங்காலம் ஆற்றவில்லை. ஏனென்றால் இறையாற்றல் உடம்பை ஆற்றும்போது, அந்த ஆள் தன்னை எப்படி நினைக்கிறாரோ அந்த வடிவத்துக்கே கொண்டுபோகும். கலாடின் தன்னைத் தழும்புள்ளவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அதே படையில் ஒற்றைக் கையோடு இருந்த லோபென், தனக்கு இரண்டு கை என்றே எப்போதும் நம்பியவன். ஒளி கிடைத்ததும் அவனுக்குக் கை முளைத்தது. இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எண்ணத் தளம் என்றால் என்ன என்பது எனக்கு விளங்கியது.

இனி, சில்லை ஏந்தியவர்களுக்கு என்ன ஆகிறது என்பது. இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். சில்லைத் தாங்குபவரை வெசல், அதாவது பாத்திரம் என்பார்கள். தொடக்கத்தில் பாத்திரம்தான் சக்தியை ஆள்கிறது. நாள் போகப் போகச் சக்தியின் குணம் அவருக்குள் ஊறி, அவருடைய சொந்தக் குணத்தைக் கரைத்துவிடும். ரூயினை ஏந்திய ஆட்டி, ஒரு காலத்தில் அன்பும் தாராளமும் கொண்ட மனிதர் என்று அவரை அறிந்த ஒருவர் 'தி வே ஆஃப் கிங்ஸ்' நாவலில் வரும் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். நமக்கு மிஸ்ட்பார்னில் அறிமுகமாகும் ரூயினிடம் அந்த மனிதரின் சுவடுகூட இல்லை.

மறுபக்கம் லெராஸ், பிரிசர்வேஷனை ஏந்தியவர். அவர் நல்லவர், காப்பவர், ஆனாலும் அவருக்கும் அதே கதிதான். காப்பது மட்டுமே தெரிந்த சக்தியால் ஒன்றைக் காக்கவேண்டிக்கூட இன்னொன்றை அழிக்க முடியாது. புதிதாக எதையும் படைக்கவும் முடியாது, ஏனென்றால் படைப்பதென்றால் இருப்பதை மாற்றவேண்டும். ரூயினும் தனியாக எதையும் உண்டாக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்கேட்ரியலையும் அதன் மனிதர்களையும் உண்டாக்கினார்கள். அந்த மனிதர்களுக்குள் லெராஸ் தன் பங்கைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தார். பதிலுக்கு, ஒருநாள் எல்லாவற்றையும் அழிக்க விடுவதாக ரூயினுக்கு வாக்குக் கொடுத்தார். மூன்று புத்தகங்களின் துயரம் முழுக்க இந்த ஒப்பந்தத்திலிருந்து வருகிறது.

பாத்திரம் செத்தால்? சக்தி சாகாது, கணக்குப்படி சாக முடியாது. எலாண்ட்ரிஸ் நடக்கும் செல் என்ற கோளில், சில்லுகளை ஏந்திய அயோனா, ஸ்காய் என்ற இருவர் குடியிருந்தார்கள். ஓடியத்தை ஏந்திய ரேய்ஸ் அவர்களைக் கொன்றார். அந்தச் சக்தியை வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்று எண்ணத் தளத்துக்குள் திணித்தும் வைத்தார். ஆன்மத் தளத்தில் இருந்திருந்தால் தூரம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எண்ணத் தளத்திலோ இடமும் தூரமும் உண்டு, அதனால் செல்லில் மந்திரம் ஊருக்கு ஊர் மாறும். ஆரெலான் நாட்டில் காற்றில் விரலால் ஏயோன் என்ற எழுத்துகளை வரைந்து செய்கிறார்கள். அந்தக் கோட்டுருக்கள் அந்த நிலத்தோடு பிணைந்தவை, ஊரைவிட்டுத் தள்ளிப்போகப் போக வலு குறையும். சிக்குக்கோலத்தில் ஒரு கோடு தவறினால் மொத்தமும் கெடுவதுபோல, அங்கும் ஒரு கோடு முக்கியம். எலாண்ட்ரிஸ் நகரத்துக்கு என்ன ஆயிற்று என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விதிகள் இன்னும் நிறைய உண்டு. இறையாற்றல் நிரம்பிய பொருள் வேறு இறையாற்றலை எதிர்த்து நிற்கும். அதனால்தான் ஒரு மனிதரின் உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைச் சாதாரண அல்லோமன்சரால் தள்ள முடிவதில்லை. அலுமினியத்தின் மேல் தள்ளுவதும் இழுப்பதும் பலிக்காது. கோள்களுக்கு நடுவே வெறும் வெளியைப் பற்றி யாரும் அதிகம் நினைப்பதில்லை என்பதால், எண்ணத் தளத்தில் அந்தத் தூரம் சுருங்கிக் கிடக்கும். ஆகவே கப்பல் இல்லாமலே ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்கு நடந்து போகலாம். ஹோய்டு என்ற ஒருவர் புத்தகத்துக்குப் புத்தகம் தலைகாட்டுவது இப்படித்தான். அவரை அடையாளம் கண்டுபிடிப்பதே தனிச் சந்தோஷம்.

சாண்டர்சன் 2007-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வாசகருக்கு மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதைக் கொண்டு கதைச் சிக்கலை அவிழ்க்க எழுத்தாளருக்கு முடியும் என்று சொல்கிறார். இவ்வளவு கணக்கும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் மிஸ்ட்பார்னின் முதல் புத்தகத்தைக் கொடுப்பேன். வார்பிரேக்கரும் நல்ல தொடக்கம். சாண்டர்சனே அதைத் தன் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார். மிஸ்ட்பார்னில், கெல்சியர் என்பவர் வின் என்ற பெண்ணிடம் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, உள்ளே இருக்கும் உலோகங்களை ஒவ்வொன்றாக எரித்துப் பார்க்கச் சொல்லும் இடம் வரும். அங்கே கொஞ்சம் நிறுத்தி, இவளுக்கு வரும் இந்த வலுவை யார் தருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கும்.